சி மொழியில் சரங்கள்: இடம் ஒதுக்குவது யார், விடுவிப்பது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சி மொழி சொல்லித் தருகிறேன். வருபவர்களில் பாதிப் பேர் உள்ளூர். மீதிப் பேர் புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். சரங்களை (எழுத்துத் தொடர்களை) கையாளவும் அவற்றுக்கு வேண்டிய நினைவகத்தை நிர்வகிக்கவும் சில துணைச் செயற்கூறுகளை (ஃபங்ஷன்களை) நாங்கள் சேர்ந்து எழுதினோம். பண்ருட்டியில் ஒரு முந்திரி வியாபாரியின் கணக்கு நிரலில் அவை இப்போது வேலை செய்கின்றன. புதிதாக வரும் ஒவ்வொருவரும் அவற்றைப் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

சி மொழியில் சரத்துக்கென்று ஒரு தரவு வகை ஏன் இல்லை?

டென்னிஸ் ரிச்சி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் சி மொழியை உருவாக்கியபோது, சரம் என்பதை மிக எளிமையாக வைத்துக்கொண்டார். அடுத்தடுத்து அடுக்கிய பைட்டுகள், முடிவில் பூஜ்ய மதிப்புள்ள ஒரு பைட். அவ்வளவுதான். ஒரு சரத்தின் பாயிண்டரை, அதாவது நினைவகத்தில் அதன் முகவரி எண்ணை, கையில் கொடுத்தால், அது எங்கே தொடங்குகிறது என்பது மட்டும்தான் தெரியும். எவ்வளவு நீளம் என்பதைப் பூஜ்யம் வரும்வரை நடந்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்டிர்லென் செய்வது அதைத்தான். அந்த இடத்தில் இன்னும் எத்தனை பைட் கொள்ளும் என்பதை எந்த வழியிலும் கேட்டறிய முடியாது. அந்த இடத்தை யார் விடுவிக்க வேண்டும் என்பதும் அந்த எண்ணில் எழுதப்பட்டிருக்காது.

நீளம், கொள்ளளவு, உரிமை ஆகிய மூன்றும் நிரல் எழுதுகிறவரின் தலையில்தான் இருக்கின்றன. முதல் இரண்டை ஒரு ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டும் வகை) கொண்டு தீர்த்துவிடலாம். மூன்றாவதுதான் கடினம்.

ஊர்ப் பெயருக்கு 64 பைட் ஒதுக்கினால் போதாதா? அதற்கு மேல் எந்த ஊருக்குப் பெயர் இருக்கிறது?

நம் ஊருக்கே இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூர்.

எண்ணிப் பாருங்கள். தி, ரு, ப், பா, தி, ரி, ப், பு, லி, யூ, ர் என்று நாம் எண்ணுவது 11 எழுத்து. யூனிகோடில் உயிர்மெய் என்பது மெய்யின் குறியும் உயிர்க்குறியும் சேர்ந்தது, புள்ளியும் தனிக் குறி. அப்படிப் பிரித்தால் 22 குறிகள் வருகின்றன. இந்தக் குறிகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். ஆக 66 பைட், முடிவுப் பூஜ்யத்தோடு 67. ஆங்கில எழுத்தில் அதே பெயரை எழுதினால் 20 பைட்டுக்குள் முடிந்துவிடும். 64 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்தவர் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

இது நடந்த கதை. அந்த வியாபாரியிடம் முன்பு இருந்த நிரலில் வாடிக்கையாளர் ஸ்ட்ரக்டில் ஊருக்கு 64 பைட் அணி (அளவு மாறாத இடம்), அதையொட்டிப் பின்கோடுக்கு 7 பைட் அணி. சரத்தை நகலெடுக்கும் ஸ்டிர்காப்பி ஊரை முதலில் எழுதியது, 3 பைட் பின்கோடின் இடத்துக்குள் வழிந்தது. பிறகு பின்கோடு எழுதப்பட்டபோது அந்த 3 பைட்டும் அழிந்தன. அழிந்தவற்றில் ஊர்ப் பெயரின் முடிவுப் பூஜ்யமும் ஒன்று. பார்சல் சீட்டில் “திருப்பாதிரிப்புலியூர” என்று வந்து, அதன்பின் ஒரு சிதைந்த கட்டம், அதோடு ஒட்டிக்கொண்டு பின்கோடு. புள்ளியின் முதல் பைட் மட்டும் அணிக்குள் தங்கிவிட்டதால் அந்தக் கட்டம்.

இதைத் திருத்த வந்த எங்கள் மாணவர் ஒருவர் ஸ்டிர்காப்பியை எடுத்துவிட்டு, அளவைக் கேட்டு எழுதும் எஸ்என்பிரிண்ட்எஃப்பைப் போட்டார். இனி வழியாது. ஆனால் 64-இல் பூஜ்யம் போக மிஞ்சுவது 63 பைட். அது சரியாக 21 குறிகள். 22-ஆவது குறியான புள்ளி மட்டும் வெட்டுப்பட்டது. யூடிஎஃப்-8 கெடவில்லை, கட்டம் வரவில்லை, எந்தச் சோதனையும் பிழை சொல்லவில்லை. “திருப்பாதிரிப்புலியூர” என்று அழகாக அச்சாகிக்கொண்டே இருந்தது. பெயர் கெட்டதை ஒரு வாடிக்கையாளர் சீட்டைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் கண்டோம்.

இரண்டாவது தவறு முதலாவதைவிட மோசமானது என்று நான் நினைக்கிறேன். முதலாவது கண்ணுக்குத் தெரிந்தது. தரவை ஓசையில்லாமல் வெட்டுவதைப் பாதுகாப்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த நாளில்தான் நிலையான அணிகளை விட்டுவிட்டு, தேவைக்கேற்ப வளரும் சரத்தை எழுதுவது என்று முடிவு செய்தோம்.

ஸ்டிர்என்காப்பியைப் பயன்படுத்தச் சொல்லித்தானே கற்றுக்கொடுக்கிறார்கள்?

அளவு சொல்லி நகலெடுக்கும் அந்தச் செயற்கூறு இந்த வேலைக்காகப் பிறந்ததே இல்லை. பழைய யூனிக்ஸில் ஒரு கோப்பின் பெயருக்கு அடைவில் 14 பைட் என்று அளவு வகுத்திருந்தார்கள். அந்த மாதிரி அகலம் மாறாத புலங்களை நிரப்புவதற்கு வந்த செயற்கூறு அது. நகலெடுக்கும் மூலச் சரம் சிறிதாக இருந்தால் மீதி இடம் முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பும். மூலம் இடத்துக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் முடிவுப் பூஜ்யத்தையே வைக்காது. பிறகு அதை அச்சிடப் போனால் அடுத்த நினைவகத்துக்குள் படித்துக்கொண்டு போகும்.

1998-இல் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளக் குழுவினர் ஸ்டிர்எல்காப்பியைக் கொண்டுவந்தார்கள். அது பூஜ்யத்தை நிச்சயமாக வைக்கும், முழு நீளத்தையும் திருப்பித் தரும், ஆகவே வெட்டுப்பட்டதா என்று சோதிக்க முடியும். லினக்ஸில் பரவலாகப் பயன்படும் குனூ சி நிரலகத்தில் அது 2023-இல் வந்த 2.38 பதிப்பில்தான் சேர்ந்தது. நல்ல செயற்கூறுதான். ஆனால் வெட்டுப்பட்டதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வீர்கள்? பெரிய இடம் ஒதுக்குவீர்கள். அதை முதலிலேயே செய்துவிடலாம்.

கெட்ஸ்?

வேண்டவே வேண்டாம். வரியைப் படிக்கும் அந்தச் செயற்கூறு இடத்தின் அளவைக் கேட்பதே இல்லை. 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய மோரிஸ் புழு, ஒரு சேவை நிரல் 512 பைட் பஃபரில் (தற்காலிக இடத்தில்) கெட்ஸ் மூலம் படித்ததைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. சி மொழியின் 2011 தரநிலையில் கெட்ஸை மொழியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். ஒரு வரியைப் படிக்க எஃப்கெட்ஸ் போதும். நீளம் முன்கூட்டித் தெரியாத வரி என்றால், போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை) அமைப்புகளில் கெட்லைன் தானே இடம் ஒதுக்கிப் படித்துத் தரும். அந்த இடத்தை விடுவிப்பது உங்கள் பொறுப்பு.

உங்கள் தொகுப்பில் என்னென்ன இருக்கின்றன?

ஒரு ஸ்ட்ரக்ட், அதற்கு மூன்று உறுப்புகள்: தரவு என்ற பாயிண்டர், நீளம், கொள்ளளவு. 64 பிட் கணினியில் 24 பைட். தொடங்கும்போது மூன்றும் பூஜ்யம். முதல் எழுத்து வந்து சேரும்வரை நினைவகம் ஒதுக்குவதில்லை.

செயற்கூறுகளின் பெயர்களை இங்கே தமிழிலேயே தருகிறேன். ஜிசிசி கம்பைலரின் 10-ஆம் பதிப்பு முதல் இத்தகைய பெயர்களை நேரடியாக யூடிஎஃப்-8-இல் எழுதினாலும் கம்பைலர் ஏற்றுக்கொள்கிறது. வகுப்பில் ஒரு முறை அப்படி எழுதிக் காட்டியபோது அறையில் எழுந்த மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை.

சரம்_தொடங்கு மூன்று உறுப்புகளையும் பூஜ்யமாக்கும். சரம்_இடம்கொடு இத்தனை பைட் கொள்ளும் என்று உறுதி செய்யும். சரம்_சேர் கடைசியில் ஒட்டும். சரம்_வடிவமை பிரிண்ட்எஃப் பாணியில் எண்களையும் பெயர்களையும் கோத்து ஒட்டும். சரம்_பார் உள்ளிருக்கும் எழுத்துகளைப் படிக்க மட்டும் தரும். காலியாக இருந்தால் நல் (எதையும் சுட்டாத பாயிண்டர்) தராமல் வெற்றுச் சரம் ஒன்றைத் தரும். சரம்_ஒப்படை உள்ளிருப்பதை உங்களிடமே கொடுத்துவிட்டு ஸ்ட்ரக்டை மீண்டும் காலியாக்கும். சரம்_விடு நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும்.

தரவு ஒதுக்கப்பட்டிருக்கும்வரை முடிவுப் பூஜ்யம் அதன் இடத்தில் இருந்தே தீரும், கொள்ளளவு எப்போதும் நீளத்தைவிடக் குறைந்தது ஒன்று அதிகம். இந்த இரண்டும் எந்தச் செயற்கூறு முடியும்போதும் உண்மையாக இருக்க வேண்டும். வேறு விதி இல்லை.

இடம் போதாதபோது ஏன் இரண்டு மடங்காக்குகிறீர்கள்? வேண்டிய அளவு மட்டும் கூட்டினால் நினைவகம் மிச்சமாகுமே?

மிச்சமாகும், ஆனால் நேரம் போகும். 10 பைட் துண்டுகள் 10,000-ஐ ஒவ்வொன்றாக ஒட்டி ஒரு லட்சம் பைட் அறிக்கை ஒன்றை உருவாக்குகிறீர்கள் என்று வையுங்கள். ஸ்டிர்கேட் கொண்டு ஒட்டினால், ஒவ்வொரு முறையும் முடிவு எங்கே என்று முதலிலிருந்து தேடிக்கொண்டு போகும். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 50 கோடி பைட்டுகளைத் தாண்டிச் செல்கிறது. கடலூர் பஸ் நிலையத்திலிருந்து கடற்கரை வரை மரக்கன்று நடுகிறவர், ஒவ்வொரு கன்றை நட்டதும் பஸ் நிலையத்துக்கே திரும்பிப் போய் அங்கிருந்து மறுபடி நடந்து வந்தால் எப்படியோ, அப்படி.

நீளத்தை ஸ்ட்ரக்டில் வைத்திருப்பதால் தேடும் வேலை இல்லை. இடத்தை 16 பைட்டில் தொடங்கி இரட்டிப்பாக்கினால், ஒரு லட்சத்தைக் கடக்க, ஒதுக்கிய இடத்தின் அளவை மாற்றும் ரீஅலாக்கை 13 முறை அழைத்தால் போதும். ஒவ்வொரு முறையும் சரம் வேறிடத்துக்குப் பெயர்ந்தாலும் நகலெடுப்பது மொத்தம் 1,31,056 பைட்டுக்கு மேல் போகாது. 50 கோடிக்கும் ஒன்றேகால் லட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடிகாரம் இல்லாமலே உணரலாம்.

நினைவகம் நெருக்கடி என்றால் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிக்கொண்டு போகாமல் பெருக்கிக்கொண்டு போவதுதான் முக்கியம்.

ரீஅலாக்கில் நீங்கள் அடிக்கடி சிவப்பு மையால் சுழிப்பது என்ன?

மூன்று இடங்கள்.

ரீஅலாக் திருப்பித் தருவதை அதே பாயிண்டரில் வாங்குவது. இடம் கிடைக்காமல் நல் வந்தால், பழைய இடம் அப்படியே உயிரோடு இருக்கிறது, ஆனால் அதன் முகவரியை நீங்களே நல் கொண்டு அழித்துவிட்டீர்கள். தற்காலிகப் பாயிண்டரில் வாங்கி, நல் இல்லை என்று பார்த்த பிறகே மாற்றுங்கள்.

கூட்டல் வழிவது. நீளமும், ஒட்டப்போகும் அளவும், பூஜ்யத்துக்கான 1-உம் சேர்ந்து, அளவுகளைக் குறிக்கும் சைஸ்_டி வகையின் உச்சத்தைத் தாண்டினால், விடை பூஜ்யத்தை ஒட்டிச் சுருண்டுவிடும். சிறிய இடம் ஒதுக்கிப் பெரிய தரவை எழுதுவீர்கள். கூட்டுவதற்கு முன்பே, உச்சத்திலிருந்து கழித்துப் பார்த்துச் சோதிக்க வேண்டும். இரட்டிப்பாக்கும் இடத்துக்கும் இதே சோதனை உண்டு.

மூன்றாவதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. ஒரு சரத்தை அதனோடேயே ஒட்டுவது. சரம்_பார் கொடுத்த பாயிண்டரை மூலமாக வைத்து அதே சரத்தில் சரம்_சேர் அழைத்தார் ஒரு மாணவி. உள்ளே இடம் போதாமல் ரீஅலாக் நடந்தது, தரவு வேறிடத்துக்குப் போனது, மூலப் பாயிண்டர் காலியான பழைய இடத்தையே காட்டிக்கொண்டு நின்றது. குறுகிய சரங்களில் எல்லாம் சரியாக வந்ததால்தான் அவ்வளவு நாள் ஒளிந்திருந்தது. இப்போது சரத்தைச் சரத்தோடு ஒட்டத் தனிச் செயற்கூறு வைத்திருக்கிறோம். இரண்டும் ஒரே ஸ்ட்ரக்டா என்று அது முதலில் பார்க்கும். ஆம் என்றால் இடம் கொடுத்து முடித்த பிறகு மூலத்தின் பாயிண்டரைப் புதிதாக எடுத்துக்கொள்ளும்.

அதே காரணத்தால், சரம்_பார் தந்த பாயிண்டரை அடுத்த சரம்_சேர் வரைதான் நம்பலாம். வீடு மாறிப் போனவருக்குப் பழைய முகவரியில் கடிதம் போட்டால், அந்த வீட்டில் இப்போது இருப்பவர் பிரித்துப் படிப்பார்.

ஒரு செயற்கூறு சரத்தைத் திருப்பித் தருகிறது. அதை நான் ஃப்ரீ செய்ய (விடுவிக்க) வேண்டுமா, கூடாதா?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இது.

நம் வீடுகளில் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித் தரச் சொல்வோம். ஏன்? பாத்திரம் நம் வீட்டிலேயே தங்கப் போவதில்லை. பக்கத்து வீட்டுக்குப் பாயசம் கொண்டு போகும், விசேஷ வீட்டுக்குச் சாம்பார் கொண்டு போகும். பத்துத் தூக்குவாளி ஒன்றாகக் கழுவிக் கவிழ்த்திருக்கும்போது, விளிம்பில் வெட்டிய பெயரைப் பார்த்துத்தான் எது யாருடையது என்று பிரிப்பார்கள். சி மொழியின் பாயிண்டருக்கு விளிம்பு இல்லை, பெயர் இல்லை. இடம் ஒதுக்கும் மேலாக் கொடுத்த இடமும், நிலையான அணியும், நிரலில் நேரடியாக எழுதிய சரமும் ஒரே மாதிரியான எண்ணாகத்தான் தெரியும்.

சி மொழியோடு வரும் நிரலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டிர்டூப் புதிய இடம் ஒதுக்கித் தருகிறது, ஃப்ரீ செய்ய வேண்டும். சிடைம் உள்ளே வைத்திருக்கும் நிலையான பஃபரைத் தருகிறது, ஃப்ரீ செய்யக் கூடாது, அடுத்த அழைப்பில் உள்ளடக்கமும் மாறிவிடும். ஸ்டிர்ஸ்டிர் நீங்கள் கொடுத்த சரத்துக்கு உள்ளேயே ஓரிடத்தைச் சுட்டுகிறது, அதை ஃப்ரீ செய்தால் நிரல் விழும். மூன்றும் திருப்பித் தரும் வகை ஒன்றே. கையேட்டைத் திறக்காமல் வேறுபாடு தெரியாது.

ஆகவே பெயரை நாம்தான் வெட்ட வேண்டும், செயற்கூறின் பெயரிலேயே. எங்கள் தொகுப்பில் ‘பார்’ என்று முடிந்தால் இரவல். திருப்பித் தரும் வகையிலும் கான்ஸ்ட் (மாற்றக் கூடாது என்ற குறிப்பு) இருக்கும், ஃப்ரீயிடம் கொடுத்தால் கம்பைலர் எச்சரிக்கும். ‘ஒப்படை’ என்று முடிந்தால் அது இனி உங்களுடையது, ஃப்ரீ உங்கள் கையில். இந்த இரண்டிலும் சேராத செயற்கூறு பாயிண்டரையே திருப்பித் தராது, அழைப்பவர் கொடுத்த ஸ்ட்ரக்டுக்குள் எழுதும். அந்த ஸ்ட்ரக்டை யார் சரம்_தொடங்கு செய்தாரோ அவரே சரம்_விடு செய்கிறார், அதே செயற்கூறுக்குள்.

சரம்_விடு முடிந்ததும் தரவை நல் ஆக்கிவிடுகிறோம். நல்லை ஃப்ரீயிடம் கொடுத்தால் எதுவும் நடக்காது என்று தரநிலை உறுதி தருகிறது. தவறிப்போய் இரண்டு முறை அழைத்தாலும் தீங்கில்லை. ஆனால் ஸ்ட்ரக்டை சமக்குறி போட்டு நகலெடுத்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். இரண்டு ஸ்ட்ரக்டும் ஒரே இடத்தைச் சுட்டும், ஒன்றை விடுவித்தால் மற்றொன்று கண் தெரியாமல் நிற்கும். நகல் வேண்டும் என்றால் சரம்_சேர் மூலம் எடுங்கள். கம்பைலர் இதைத் தடுக்காது, நாம்தான் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

சரம்_வடிவமை, எவ்வளவு இடம் வேண்டும் என்று எப்படி முன்பே தெரிந்துகொள்கிறது?

எஸ்என்பிரிண்ட்எஃப்பை இரண்டு முறை அழைக்கிறது. முதல் முறை நல்லும் பூஜ்ய அளவும் கொடுத்தால், எதையும் எழுதாமல், எழுதியிருந்தால் எத்தனை பைட் ஆகியிருக்கும் என்று சொல்லும். இது 1999 தரநிலை தந்த உறுதி. அந்த அளவுக்கு இடம் கொடுத்துவிட்டு இரண்டாம் முறை எழுதுகிறோம். எதிர்மறை எண் வந்தால் பிழை, அதைச் சைஸ்_டியாக மாற்றும் முன்பே சோதியுங்கள். அளபுருப் பட்டியலை (கோக்க வேண்டிய மதிப்புகளின் பட்டியலை) ஒரு முறை நடந்து முடித்தால் அது தீர்ந்துவிடும், ஆதலால் முதல் அழைப்புக்கு முன்பே விஏ_காப்பி கொண்டு நகல் எடுத்து வையுங்கள். அதை மறந்தால் சில கணினிகளில் சரியாகவே வரும், வேறு சிலவற்றில் குப்பை வரும்.

இதே வேலையைச் செய்யும் ஏஎஸ்பிரிண்ட்எஃப் குனூவிலும் பிஎஸ்டியிலும் பல காலமாக இருக்கிறது. 

வாடிக்கையாளர் தட்டச்சு செய்ததை வடிவச் சரமாக (எதை எங்கே கோக்க வேண்டும் என்று சதவீதக் குறிகளால் சொல்லும் சரமாக) ஒருபோதும் கொடுக்காதீர்கள். அதில் ஒரு சதவீதக் குறி இருந்தாலும் இல்லாத அளபுருவைத் தேடப் போகும்.

தமிழ்ச் சரங்களுக்கென்று வேறு எதில் கவனம் வேண்டும்?

வெட்டியே ஆக வேண்டும் என்றால், பின்னோக்கி நடந்து ஒரு குறியின் முதல் பைட்டைக் கண்டுபிடித்து வெட்டுங்கள். யூடிஎஃப்-8-இல் தொடர்ச்சி பைட்டுகளின் மேல் இரண்டு பிட்டுகள் எப்போதும் ஒன்று, பூஜ்யம். அதுவும் போதாது. உயிர்க்குறியையும் புள்ளியையும் அதன் மெய்யிலிருந்து பிரிக்கக் கூடாது என்பதைத் திருப்பாதிரிப்புலியூர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

எழுத்தா, இடைவெளியா என்று சோதிக்கும் இஸ்ஆல்ஃபா, இஸ்ஸ்பேஸ் போன்றவற்றிடம் சார் (ஒரு பைட் எழுத்து) வகையை அப்படியே கொடுக்காதீர்கள். நம் மேசைக் கணினிகளில் சார் பெரும்பாலும் எதிர்மறை எண்களையும் கொள்ளும் வகை. தமிழ்ப் பைட்டுகள் எல்லாம் 127-க்கு மேல் இருப்பதால் எதிர்மறை எண்ணாகிவிடும், அட்டவணைக்கு வெளியே போய்ப் படிக்கக்கூடும். எதிர்மறை இல்லாத அன்சைன்ட் சார் ஆக்கிக் கொடுங்கள். ஆங்கிலத் தரவை வைத்து மட்டும் சோதித்தால் இந்தப் பிழை ஆயுளுக்கும் வெளிவராது.

கோண்டூர் என்ற பெயரைத் தேடினால் கிடைக்கவில்லை என்று ஒரு முறை புகார் வந்தது. ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று. முதலாவது 24 பைட், இரண்டாவது 27. ஸ்டிர்கம்ப் இரண்டும் வேறு என்றுதான் சொல்லும். தரவு உள்ளே வரும் வாசலிலேயே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

மேலாக் நல் தந்தால் என்ன செய்வது?

லினக்ஸில் பெரும்பாலும் தராது. கையில் இல்லாத நினைவகத்தைக்கூடத் தருவதாக ஒப்புக்கொள்ளும் வழக்கம் அதற்கு இயல்பிலேயே உண்டு. அதற்காகச் சோதிக்காமல் விட முடியாது. எங்கள் செயற்கூறுகள் வெற்றியா தோல்வியா என்று ஆம்/இல்லை மதிப்பைத் தருகின்றன. தோற்றால் சரம் முன்பிருந்தபடியே இருக்கும், பாதி ஒட்டிய நிலையில் விடாது. நிரலை முடித்துக்கொள்வதா என்ற முடிவு நிரல் எழுதுகிறவருடையது, தொகுப்பினுடையது அல்ல. ஜிலிப் என்ற பொது நிரலகம் தன் ஒதுக்கீடு தோற்றால் நிரலையே நிறுத்திவிடுகிறது. மேசைக் கணினி நிரல்களுக்கு அதுவும் நியாயமான வழிதான்.

ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையின் ஆர்3 வரையிலான பதிப்புகளில் இருப்பது 2 கிலோபைட் நினைவகம். அங்கே வளரும் சரங்களே வேண்டாம், நிலையான அணியும் கவனமான எண்ணிக்கையும் போதும்.

நூற்றுக்கணக்கான சிறு சரங்கள். ஒவ்வொன்றையும் நினைவு வைத்து விடுவிக்க முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் தூக்குவாளி எதற்கு? பந்திக்கு வாழையிலை போடுகிறோம். பந்தி முடிந்ததும் மொத்தமாகச் சுருட்டி எடுத்துவிடுகிறோம், எந்த இலையிலும் பெயர் இல்லை.

ஒரு பில்லை உருவாக்கும்போது பிறந்து, அது அச்சானதும் தேவையற்றுப் போகும் சரங்கள் அப்படிப்பட்டவை. 64 கிலோபைட் துண்டு ஒன்றை முதலிலேயே ஒதுக்கி, அதிலிருந்து வரிசையாக வெட்டிக் கொடுத்துக்கொண்டே போங்கள். பில் முடிந்ததும் அடுத்த இடத்தைக் காட்டும் எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். தனித்தனி ஃப்ரீ கிடையாது. அப்பாச்சி வலைச் சேவையகத்தின் பூல்கள் (pool) இந்த எண்ணத்தில் எழுந்தவை. கோப்புப் பகிர்வு நிரலான சாம்பாவின் டாலாக் ஒரு படி மேலே போய், பெற்றோரை விடுவித்தால் பிள்ளைகளும் விடுபடும்படி வைத்திருக்கிறது.

இலையை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பதே இதன் விதி. பில் முடிந்த பிறகும் வாழ வேண்டிய பெயர் என்றால், முடிவதற்கு முன் ஸ்டிர்டூப் கொண்டு நகல் எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் தொகுப்பைப் பயன்படுத்தாமல் ஏன் எழுத வேண்டும்?

வேலைக்கு வேண்டும் என்றால் எழுதாதீர்கள். ஜிலிப்பின் ஜிஸ்டிரிங் முதிர்ந்தது. ரெடிஸ் தரவுத்தளத்தில் பயன்படும் எஸ்டிஎஸ், நீள விவரங்களை எழுத்துகளுக்கு முன்னால் வைத்து, பாயிண்டரை எழுத்துகளின் தொடக்கத்துக்கே தருகிறது. அதனால் பிரிண்ட்எஃப்பிடம் நேரடியாகக் கொடுக்கலாம். கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் ஒரு முறையாவது நீங்களே எழுதுங்கள். 200 வரிதான்.

கல்லூரி ஆய்வகத்தில் டர்போ சி-யில் சரியாக ஓடியது, லினக்ஸில் விழுகிறது. லினக்ஸில் குறையா?

இல்லை. டர்போ சி ஓடும் டாஸ் இயங்குதளத்தில் நினைவகப் பாதுகாப்பு கிடையாது. நிரல் எங்கே எழுதினாலும் யாரும் தடுப்பதில்லை, ஆதலால் தவறு மறைந்திருந்தது. லினக்ஸ் அதைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது. ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்களில் ஒன்றை நிறுவி, நினைவகத் தவறுகளைக் காட்டும் அட்ரஸ் சானிடைசர் விருப்பத்தோடு கம்பைல் செய்யுங்கள். எந்த வரியில், எத்தனை பைட் தாண்டி எழுதினீர்கள், அந்த இடம் எந்த வரியில் ஒதுக்கப்பட்டது என்று மூன்றையும் சொல்லும்.

நிரல் முடிந்ததும் இயங்குதளம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறதே. விடுவிக்காமல் விட்டு நினைவகம் கசிந்தால் என்ன?

எடுத்துக்கொள்கிறது, உண்மை. ஒரு கோப்பைப் படித்து, எண்ணி, விடை சொல்லி முடிந்துவிடும் நிரலில் கசிவைத் தேடி நான் நேரம் செலவிட மாட்டேன்.

முந்திரிக் கடை நிரல் அப்படியல்ல. காலையில் கடை திறக்கும்போது தொடங்கி இரவு வரை ஓடுகிறது. ஒரு காலத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஊர்ப் பெயர் ஒன்றைக் கசியவிட்டது. 67 பைட் கேட்டால், 64 பிட் குனூ நிரலகம் தன் கணக்குக் குறிப்பையும் சேர்த்து 80 பைட் எடுக்கும். 40 வரி பில்லுக்கு 3,200 பைட். 500 பில்லுக்கு 16 லட்சம் பைட். இன்றைய கணினிக்கு இது ஒன்றுமே இல்லை, யாருக்கும் தெரியவும் இல்லை. பிறகு அதே செயற்கூறுகளை வேறொரு மாணவர் நாள்கணக்கில் நிற்காமல் ஓடும் ஒரு சேவையகத்தில் எடுத்து வைத்தார். மூன்றாம் நாள் அது மூச்சுத் திணறியபோதுதான் திரும்பி வந்து தேடினோம்.

கசிவைக் கண்டுபிடிக்கும் வால்கிரின்ட் கீழ் ஓட்டியபோது, நிச்சயமாகத் தொலைந்தவை என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு இடம் திரும்பத் திரும்ப வந்தது. ‘ஒப்படை’ என்று பெயர் வைத்திருக்க வேண்டிய செயற்கூறு ஒன்றுக்கு, ஆரம்ப நாட்களில் அவசரத்தில் ‘எடு’ என்று பெயர் வைத்திருந்தேன். எடுத்தவர் யாரும் அதை விடுவிக்கவில்லை. பெயரை மாற்றியதும், அழைத்த இடங்களில் எல்லாம் கம்பைலர் நின்றது. பதினோரு இடங்கள். ஒவ்வொன்றிலும் ஃப்ரீயைச் சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டினோம். அந்தத் தலைப்பின் கீழ் பூஜ்யம் வந்தது.